வாவிக்கரையில் ஒரு பந்தி

மட்டக்களப்புக்குப் புதிதாக வருகின்றவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "இங்கே மீன் பாடுமாமே, உண்மைதானா?" என்பர். பூரணை இரவிலே, கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலே அமிழ்த்தி மறு நுனியைக் காதோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள் என்று ஊரார் விடை கூறுவர். கேட்டு மகிழ்ந்தோரும் உளர். கேளாது திரும்பியோரும் உளர். பாடும் மீனைப் பற்றி எழுதியோர் பலராதலால், அப்பணியை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். அந்த வாவியைச் சூழ வாழும் மக்கள், யுத்தமும் பஞ்சமும் வந்த காலங்களில் எவ்வாறு கூடியிருந்து உண்டனர் என்பதே இக்கட்டுரையிற் நான் சொல்ல விரும்பும் செய்தி.

சென்ற வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிற் குளிர்த்திக்காகக் கொழும்பிலிருந்து புறப்பட்டேன். உடன் வந்தவன் என் தமக்கையின் மகன். பல்கலைக்கழகத்திற் சரித்திரம் பயிலும் மாணவன். இரவுப் புகையிரதத்தில் எனக்கு உறக்கம் வரவில்லை. அவனோ உறங்கவே விரும்பவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்திலே ஆங்கில நாட்டில் அரசாங்கமே நடத்திய பொது உணவுச்சாலைகளைப் பற்றி அவன் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். தான் படித்தவற்றையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன், மாகோவைக் கடந்தபோது திடீரென்று, "மாமா, நம்முடைய ஊரில் அப்படியொரு சாலை இருந்ததா?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "பெத்தாவைக் கேட்போம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்தக் கேள்வியே எங்கள் பிரயாணத்துக்கு வழிகாட்டியாயிற்று.

எழுவானும் படுவானும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. அதற்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றரையை எழுவான்கரை என்போம். சூரியன் எழுகின்ற பக்கம் அது. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற பக்கத்திலுள்ள நிலம் படுவான்கரை. நிலத்தைப் பெயரிட்ட நம் முன்னோர், வாவியின் நடுவே தோணியில் இருந்துகொண்டுதான் பெயரிட்டனர் போலும்!

எழுவான்கரையிலே தெங்குத் தோட்டமும், மீன்பிடியும், நெசவும், கடைவீதிகளும், பாடசாலைகளும் உண்டு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் கோத்த இருநிறப் பூக்களைப்போல அடுத்தடுத்து அமைந்திருக்கும். படுவான்கரையோ வயல் நிலம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீர் பாயும் வட்டைகள் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. எங்கள் பகுதியில் வேளாண்மை என்ற சொல்லுக்கு நெற்பயிர் என்பதே பொருள். ஏனைய பயிர்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. நெல்லுக்கு மட்டும் அந்தப் பொதுப்பெயரே சொந்தமாகிவிட்டது.

நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1920-களிற் கட்டப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் 2013-இல் எழுந்தது. ஆனால் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நெடுங்காலமாகத் தோணியும் "பாதை"யுமே துணை. பாதை என்றால் வெளியூரார் தெருவென்று கருதுவர். எங்களுக்கோ ஆளையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைத் தட்டே பாதை. மண்முனைத் துறையில் அவ்வாறு ஓடிய பாதைக்குப் பதிலாக 2014-இல் ஒரு பாலம் திறக்கப்பட்டது. நாங்கள் அந்தப் பாலத்தின்மேல் வாடகை வண்டியிற் சென்றபோது, கடப்பதற்கு இரண்டு நிமிஷங்களும் ஆகவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அதே நீரைக் கடக்க அரைநாள் காத்திருந்ததுண்டு என்று மருமகனுக்குச் சொன்னேன். அவன் நம்பினானோ, தெரியவில்லை.

சண்டைக் காலம்

எங்கள் பெத்தா என் தாயாரைப் பெற்ற பாட்டியாரின் இளைய சகோதரி. தொண்ணூற்று நான்கு வயது நிரம்பியவர். கண் சிறிது மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தை அவர் "சண்டைக் காலம்" என்பார். அதற்குப் பின்னர் அவர் கண்ட சண்டைகள் எத்தனையோ. ஆயினும் அந்தப் பெயரை வேறொன்றுக்கும் அவர் கொடுத்ததில்லை.

அக்காலத்து இலங்கையின் நிலையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். யுத்தத்துக்கு முன்னர் இத்தீவு உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்தே வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. தேயிலையும் றப்பரும் விற்று அரிசி வாங்குவது நம் நாட்டு வழக்கமாய் இருந்தது. 1942-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி ஒரேயடியாக நின்றது. அதற்கடுத்த மாதம், ஏப்பிரல் 5-ஆந் தேதி கொழும்பிலும் 9-ஆந் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அந்த 9-ஆந் தேதியே, ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலிலே ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இறந்தோர் 307 பேர். அதனோடு சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் அன்றே மூழ்கியது. அந்தக் கப்பல்கள் இன்றும் எங்கள் கடலடியிற் கிடக்கின்றன.

அரிசி கூப்பனுக்கு வந்தது அந்தக் காலத்திலேதான். அதனைப் பங்கிடுவதற்காக ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டசாலைகள் தோன்றின. சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் அவை ஆயிரக்கணக்கிற் பெருகின. "சங்கக்கடை" என்ற சொல் நம் வழக்கில் வேரூன்றியது அப்போதே. அரிசி உண்டவர்கள் கோதுமை மாவுக்கும் பாணுக்கும் பழகினர். விளைந்த நெல்லில் ஒரு பகுதியை அரசாங்கம் தான் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது.

"பெத்தா, அந்த நேரம் இங்கே சோறு இல்லாமற் போயிற்றா?" என்று மருமகன் கேட்டான். அவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தைகளை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"சோறு இல்லாமப் போகல்ல மனே. சோறு இந்தக் கரையில இரிந்திச்சு, பசி அந்தக் கரையில இரிந்திச்சு. நடுவுல ஆறு. தோணி போனாத்தான் சோறும் போகும்."

வாவியை நாங்கள் ஆறென்றே சொல்வது வழக்கம்.

பெத்தா மேலும் சொன்னார். அவருடைய தகப்பனார் பெரிய போடியார் அல்லர். ஒரு போடியாரின் வயலைப் பார்த்துவந்த முல்லைக்காரர். சூடடிக்கும் காலத்திலே களவெட்டிக்கு அருகிலுள்ள வாடியில் ஒரு பெரிய பானை ஏறும். வேலையாட்களுக்காக ஏறிய அந்தப் பானை, சண்டைக் காலத்தில் அக்கரையிலிருந்து வந்தவர்களுக்கும் பொதுவாயிற்று. மீன்காரர், நெசவுகாரர், பட்டணத்திற் கூலி வேலை செய்தோர் எனத் தோணியேறி வந்த எவருக்கும் அதிற் பங்குண்டு. அரிசியோடு இறுங்கும் குரக்கனும் கலந்து காய்ச்சிய கஞ்சி அது. சில நாட்களில் மரவள்ளிக் கிழங்கும் சேரும். வந்தவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் ஒரு கோர்வை மீன் கொணர்வார். ஒருவர் கூனி கொணர்வார். ஒன்றும் இல்லாதவர் வழியிலே ஒரு கட்டு விறகு பொறுக்கி வருவார்.

"விறகு இல்லாம வந்தாக் கஞ்சி கொடுக்க மாட்டீங்களா?" என்றான் மருமகன்.

"கொடுப்பம். ஆனா அவர் மறுகா வர மாட்டாரு" என்றார் பெத்தா.

இதைக் கேட்ட பின்னர் மருமகன் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. தன் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் ஏதோ எழுதிக்கொண்டான்.

ஒன்பது பென்ஸ் சாப்பாடு

அவன் ஏன் மௌனமானான் என்பதை விளக்க வேண்டுமானால், ஆங்கில நாட்டுச் சாலைகளின் கதையைச் சொல்ல வேண்டும். முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917-ஆம் ஆண்டிலேயே, அந்த நாட்டில் பொதுச் சமையற்கூடங்கள் தொடங்கின. இலண்டனில் ஒன்றை மேரி மகாராணியாரே அந்த ஆண்டு மே மாதத்தில் திறந்து வைத்தார். இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மன் விமானங்கள் இலண்டனைத் தாக்கியபோது, அடுப்பும் வீடும் இழந்தவர்களுக்காக 1940-இல் மீண்டும் பொதுச்சாலைகள் எழுந்தன. அப்போது உணவு அமைச்சராயிருந்தவர் வூல்ற்றன் பிரபு.

அச்சாலைகளுக்கு முதலில் இடப்பட்ட பெயர் "சமுதாய உணவூட்டு நிலையங்கள்" என்ற பொருளுடையது. பிரதம மந்திரி சேர்ச்சிலுக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. பொதுவுடைமையையும் ஏழைகளின் பழைய தொழில் விடுதிகளையும் நினைவூட்டும் பெயர் அது என்பது அவர் கருத்து. ஆகவே 1941-இல் அவர் சொன்னபடி "பிரித்தானிய உணவகங்கள்" எனப் பெயர் மாறிற்று. 1943-ஆம் ஆண்டளவில் அத்தகைய சாலைகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு இலட்சம் சாப்பாடுகள் அங்கே பரிமாறப்பட்டன. ஒரு சாப்பாட்டின் விலை ஒன்பது பென்ஸ் அளவிலேயே நின்றது. கூப்பன் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு முறைதான் இறைச்சியோ மீனோ கிடைக்கும். தேவாலய மண்டபங்களும் பாடசாலைக் கூடங்களும் அதற்குப் பயன்பட்டன. தொழிலாளியும், குமாஸ்தாவும், குண்டுவீச்சில் வீடிழந்த தாயும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். அவித்த கோவாவின் சுவையைப் பற்றிக் குறை சொன்னோர் பலர் உண்டு; ஆயினும் அங்கே உண்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்பதே அச்சாலைகளின் பெருமை. 1947-இல் அத்திட்டம் முடிவுற்றபோதும், சில நகரசபைகள் தம் செலவில் அவற்றைத் தொடர்ந்து நடத்தின.

அதே காலத்தில், அதே சாம்ராச்சியத்தின் ஆட்சிக்குட்பட்ட வங்காளத்தில் நடந்தது வேறு. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அங்கே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கஞ்சித்தொட்டிகள் அங்கேயும் திறக்கப்பட்டன. ஆனால் காலந்தாழ்ந்து திறக்கப்பட்டன. கஞ்சியோ மிக நீர்த்த கஞ்சி. அங்கே மேசையுமில்லை, விலையுமில்லை. ஏந்திய கைகளின் நெடிய வரிசையே இருந்தது.

"இரண்டும் பொது உணவுதானே, மாமா? ஒன்றில் மனிதர் மனிதராக இருந்தனர். மற்றொன்றில் அவ்வாறு இருக்க முடியவில்லை. ஒன்பது பென்ஸிலா அந்த வித்தியாசம் இருக்கிறது?" என்று புகையிரதத்தில் அவன் கேட்டிருந்தான். பெத்தாவின் விறகுக் கட்டு அதற்கொரு விடையைக் காட்டியது. அதனாலேயே அவன் மௌனமானான்.

வரிசை

அவனுக்கு நான் அதுவரை சொல்லாத ஒரு செய்தியை அன்று மாலை சொன்னேன். வாசகர்களுக்கும் அதைச் சொல்லுவதே முறை.

1990-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. ஊரைவிட்டு எழுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலைக்கு வந்து சேர்ந்தோம். எங்களைப்போல் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. நண்பகலில் சோறும் பருப்பும் கிடைக்கும். பெயர்ப்பட்டியலோடு ஒருவர் நிற்பார். பெயர் கூப்பிட்டதும் தட்டை நீட்ட வேண்டும். பட்டியலிற் பெயர் தவறிப்போனால் அன்றைக்கு வாக்குவாதம். என் தகப்பனார் எங்கள் கிராமத்துப் பாடசாலை ஆசிரியர். அவர் வரிசையில் நிற்க மறுத்துவிட்டார். "எனக்குப் பசி இல்லை" என்றார். என்னையும் தமக்கையையும் மட்டும் அனுப்பினார். நாங்கள் வாங்கி வந்ததில் அவருக்கு ஒரு பங்கு வைப்போம்; அதை அவர் சுவரைப் பார்த்து அமர்ந்தே உண்பார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தம் தட்டைச் சால்வைக்குள் மறைத்துப் பிடித்திருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

எங்களுக்குச் சோறு தந்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் இரவு பகலாக உழைத்தனர். அவர்கள் இல்லாவிடில் நாங்கள் பட்டினி கிடந்திருப்போம். ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. அந்த ஐந்து நாட்களும் சோறு வயிற்றுக்குள் இறங்கியது, மனத்துக்குள் இறங்கவில்லை.

ஆறாம் நாள், எங்கள் ஊர்க் கோயிலில் வழக்கமாய்ச் சமைக்கும் ஒரு முதிய அம்மையார், சமையற் பொறுப்பைத் தாமே ஏற்பதாகப் பொறுப்பானவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். "இனி வரிசை வேணாம், பாயை விரியுங்க" என்றார். பாடசாலை மண்டபத்திலே பாய்களையும் சாக்குகளையும் விரித்து அனைவரையும் பந்தியில் இருத்தினர். இளைஞர் பரிமாறினர். முதற் பந்தி பிள்ளைகளுக்கு, அடுத்தது முதியோருக்கு, சமைத்தவர்கள் கடைசி. அந்த அம்மையார் என் தகப்பனாரிடம் வந்து, "வாத்தியார், பந்தியில ஆள் எண்ணிச் சொல்ல எங்களுக்கு ஒருவர் வேணும்" என்றார். அவர் எழுந்தார். எண்ணினார். கடைசிப் பந்தியிற் சமைத்தவர்களோடு தாமும் அமர்ந்தார். அதே சோறு, அதே பருப்பு. அன்றுதான் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கியதை நான் கண்டேன். மறுநாள் காலையில் மண்டபத்தின் மூலையிலே பிள்ளைகளுக்கு வகுப்பும் தொடங்கிவிட்டார்.

இதை நான் சொல்லி முடித்ததும், "அம்மா இதை எனக்குச் சொன்னதேயில்லை" என்றான் மருமகன். அவள் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கூடி உண்ணும் வழக்கு

கூடியிருந்து உண்பது எல்லாக் காலத்திலும் எளிதாய் இருந்ததன்று. யார் அருகே யார் அமர்வது என்பது நம் சமூகத்தில் நெடுங்காலம் பெரிய வழக்காகவே இருந்தது. 1920-களின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே சமஆசனம், சமபோசனம் என்ற இரண்டு கோரிக்கைகளும் எழுப்பிய புயல் சிறிதன்று. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தல், ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுதல் என்பவற்றுக்காக யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் வாதாடியது. எங்கள் வாவிக்கரையும் அந்தக் குற்றத்துக்கு முற்றும் விலக்கானதன்று. ஆதலால் பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லத் துணியேன்.

ஆயினும் கூடியுண்ணும் நல்வழக்கம் இம்மண்ணிற் பலவகையாக வாழ்ந்திருக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர் முதலிய முஸ்லிம் ஊர்களிலே கந்தூரி நாளிலும் கலியாண வீட்டிலும் சகன் வைப்பர். ஒரு பெரிய தட்டிலே சோறு குவித்து, அதைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, ஒரே தட்டிலிருந்து உண்பர். செல்வரும் வறியவரும் ஒரே சகனிற் கை நனைப்பர். நோன்பு மாதத்திலே பள்ளிவாசல்களிற் காய்ச்சும் கஞ்சியை வாங்கிச் செல்லச் சிறுவர் பாத்திரங்களோடு வருவர். அந்தக் கஞ்சி அயல்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கும் வருவதுண்டு. ஆடி மாதக் கதிர்காமத் திருவிழாவுக்காக வடக்கிலிருந்து கால்நடையாய் வரும் அடியார்கள் வாவிக்கரை வழியே செல்லும்போது, ஊருக்கு ஊர் பந்தல் அமைத்துச் சோறிடுவது எங்கள் வழக்கம்.

1990-இல் இவ்வாவிக்கரையின் இரு சமூகத்தாரும் சிந்திய இரத்தமும் இழந்த உயிர்களும் அந்த அயலுறவை முறித்தன. பல ஆண்டுகள் ஒருவர் கஞ்சி மற்றவர் வாசலுக்குப் போகவில்லை. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆந் தேதி கடல் பொங்கிக் கல்லடியையும் நாவலடியையும் வாரிக்கொண்டபோது, உயிர் தப்பியவர்கள் முதலில் உண்டது அயலூர்களில் இருந்து வந்த சோற்றுப் பொதிகளையே. அந்தப் பொதியைக் கட்டியவர் எந்தச் சமயத்தவர் என்று அன்று எவரும் கேட்கவில்லை. முறிந்த உறவு ஒரு நாளில் ஒட்டுவதில்லை. ஆனாலும் ஒட்டுவதற்குச் சோற்றுப் பசை நல்ல பசை என்பதை அன்று கண்டோம்.

விலை என்னும் மானம்

அரசாங்கங்களும் இந்தப் பாடத்தைச் சில வேளை கற்றிருக்கின்றன. சில வேளை மறந்திருக்கின்றன. யுத்தம் முடிந்த பின்னரும் இலங்கையிற் கூப்பன் அரிசி குறைந்த விலைக்கே கிடைத்து வந்தது. 1953-இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் அரசாங்கம் நிறுத்தியபோது, ஆகஸ்ட் 12-ஆந் தேதி நாடே ஹர்த்தாலில் எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சோற்றின் விலை ஒரு மந்திரிசபையின் விலையைவிடப் பெரிதென்பதை நாடு அறிந்த ஆண்டு அது.

2022-இல் நாடு கடனிற் சிக்கித் தவித்தபோது, உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய இரட்டித்தது. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை தடைப்பட்டமையால் எங்கள் வட்டைகளிலும் விளைச்சல் குன்றியிருந்தது. நெல் விளையும் ஊரிலே அரிசியை எண்ணி உலையிலிடும் காட்சியை மீண்டும் கண்டோம். அப்போதும் நாட்டின் பல இடங்களிற் தொண்டர்கள் கூடிச் சமைத்துப் பகிர்ந்தனர்.

தமிழ்நாட்டிலே 2013-ஆம் ஆண்டு சென்னை மாநகரிற் தொடங்கிய அம்மா உணவகத்தில், ஓர் இட்லி ஒரு ரூபாவுக்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாவுக்கும் விற்கப்பட்டன. நம் வடமாகாணத்தில் பெண்கள் கூடி நடத்தும் அம்மாச்சி உணவகங்களிலே குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றின் நோக்கங்கள் வேறு வேறாயினும் ஒன்று பொது. உண்பவர் சிறு காசு கொடுக்கிறார். கொடுத்ததனால் நிமிர்ந்து அமர்கிறார். காசு இல்லாதவருக்கோ விறகுக் கட்டு ஒன்று இருக்கிறது. ஆள் எண்ணும் வேலை ஒன்று இருக்கிறது. கொடுப்பதற்கு ஒன்றை மனிதனிடம் விட்டுவைக்கும் பந்தியே நல்ல பந்தி என்று நான் எண்ணுகிறேன். ஒன்றுமே கொடுக்க இயலாத நோயாளிக்கும் குழந்தைக்கும் முதற் பந்தியில் இடம் இருக்கவேண்டும் என்பதையும் அந்த அம்மையாரிடமே கற்றேன்.

குளிர்த்தி இரவு

ஆண்டில் வைகாசிச் சடங்குக்கு மட்டுமே கதவு திறக்கும் கண்ணகை அம்மன் கோயில்கள் எங்கள் பக்கத்திற் பல உண்டு. நாள்தோறும் கண்ணகி வழக்குரை படிப்பர். மதுரையை எரித்த அன்னையின் கோபத்தைத் தணிப்பதே கடைசி நாட் குளிர்த்தி. அதற்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் வீட்டுக்கு வீடு சேர்ப்பர். ஒரு கொத்துக் கொடுப்பவரும் உண்டு. ஒரு மூடை கொடுப்பவரும் உண்டு. பானையில் ஏறிய பின்னர் எது எவருடைய அரிசி என்று பிரித்தறிய முடியாது.

சடங்கு முடிந்ததும் மர நிழலிலே பந்தி விரித்தனர். வாவியிலிருந்து வந்த காற்று விளக்குகளை அசைத்தது. பெத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முதற் பந்தியில் இருத்தினோம். நானும் அமர்ந்தேன். மருமகனைக் காணவில்லை. சற்று நேரத்தின் பின் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு பந்தியின் கடைக்கோடியில் நிற்கிறான். கொழும்பிலே தேநீர்க் கோப்பையைக்கூடத் தன் கையாற் கழுவாத பிள்ளை!

பெத்தாவின் இலைக்கு முன் வந்து அவன் குனிந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ தின்னல்லயா மனே?"

"கடைசிப் பந்தியில இருக்கன், பெத்தா" என்றான்.

பெத்தா ஒன்றும் சொல்லவில்லை. இலையில் இன்னும் சிறிது இடத்தைக் கையால் ஒதுக்கிக் கொடுத்தார். அவன் அதில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். அந்தக் கடைசிப் பந்தி முடிந்து அவன் கைகழுவி வந்தபோது, வாவிக்கு அப்பால், எழுவான்கரையிலே விடிவெள்ளி தோன்றியிருந்தது.